அக்கா ஏன் திரும்பிப் போக மறுக்கிறார்?

கேள்வி: எனக்கு வயது 64. ஒன்பது பேர் வாழ்ந்த ஒரு சிறிய வீட்டில் வளர்ந்தேன். மின்சாரம் இல்லை, குழாய் இல்லை. ஆனால் இரவில் எல்லோரும் ஒரே கூடத்தில் படுத்துப் பேசிக்கொண்டே உறங்குவோம். விறகடுப்பின் புகை மணம் இன்னும் என் நினைவில் இருக்கிறது. அம்மா இருமி இருமியே சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிட்டார். இன்று என் வீட்டில் இல்லாத வசதி இல்லை, ஆனால் நிம்மதி இல்லை. நானும் மனைவியும் மகனும் ஆளுக்கொரு அறையில் இருக்கிறோம். பழைய நாட்களைப் பற்றிப் பேச்செடுத்தாலே, "அப்பா மறுபடியும் ஆரம்பித்துவிட்டார்" என்கிறான் மகன். சென்ற மாதம் அக்காவிடம் தொலைபேசியில், "அந்தக் காலம் போல வருமா?" என்றேன். "அங்கே ஒரு நாள்கூட நான் திரும்பிப் போக மாட்டேன்" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார். மனம் உடைந்துவிட்டது. பணி ஓய்வு பெற்று நான்கு ஆண்டுகள் ஆகின்றன. இப்போதிருக்கும் வீட்டை விற்றுவிட்டு, ஒதுக்குப்புறமாக ஓர் எளிய வீடு கட்டிக்கொண்டு, இந்த இயந்திரங்கள் எதுவும் இல்லாமல் பழையபடி வாழலாம் என்று நினைக்கிறேன். மனைவிக்கு விருப்பம் இல்லை. எனக்கு வந்திருப்பது மனநோயா? நான் செய்ய நினைப்பது சரிதானா?

பதில்:

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நீங்கள் கேட்டிருக்கும் இரண்டு கேள்விகளுக்கும் கீழே பதில் எழுதுகிறேன். ஆனால் நீங்கள் கேட்காமல் விட்ட ஒரு கேள்வி, அதாவது உங்கள் அக்கா ஏன் அப்படிச் சொன்னார் என்பதுதான், என் பார்வையில் மற்ற இரண்டுக்கும் வழி திறக்கிறது. ஆகவே அதற்கே அதிக இடம் கொடுக்கப் போகிறேன்.

உங்களுக்கு வந்திருப்பது மனநோய் அன்று. இந்த ஏக்கத்தை நோய் என்று கருதிய காலம் ஒன்று உண்மையிலேயே இருந்தது. 1688-இல் பாசல் நகரில் மருத்துவம் பயின்ற ஜோகன்னஸ் ஹோஃபர் என்ற இளைஞர்தான், திரும்பி வருதலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லையும் வலியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லையும் இணைத்து 'நாஸ்டால்ஜியா' என்ற பெயரை உருவாக்கினார். வீட்டை விட்டு வெகுதூரம் சென்றவர்கள் உணவும் உறக்கமும் இழந்து வாடுவதைக் கண்டு, அது உடலைத் தின்னும் ஒரு பிணி என்றே அவர் எழுதினார். இன்றைய உளவியல் அதை நோய்ப் பட்டியலில் வைப்பதில்லை. 2006-இல் டிம் வைல்ட்ஷட், கான்ஸ்டன்டைன் செடிகிடீஸ் முதலியோர் வெளியிட்ட ஆய்வுகள் இந்த உணர்வை உள்ளிருந்து பார்த்தன. மக்கள் ஏங்கி எழுதிய நினைவுகளில் பெரும்பாலும் நெருங்கிய மனிதர்களே நிறைந்திருந்தார்கள் என்பதும், தனிமை உணர்வு அந்த ஏக்கத்தைத் தூண்டுகிறது என்பதும், ஏங்கி நினைத்துப் பார்த்தபின் மனிதர்களோடு பிணைந்திருக்கும் உணர்வு சற்றுக் கூடுகிறது என்பதும் அவற்றிலிருந்து தெரியவந்தன. தாகம் எப்படி நோயாகாதோ அப்படித்தான் இதுவும். உடலுக்கு நீர் வேண்டும் என்பதைத் தாகம் சொல்வதுபோல, உங்களுக்கு மனிதர்கள் வேண்டும் என்பதை இந்த ஏக்கம் சொல்கிறது.

அடுத்து, உங்கள் நினைவைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது. நீங்கள் பொய் சொல்கிறீர்கள் என்றோ மிகைப்படுத்துகிறீர்கள் என்றோ நான் கருதவில்லை. ஒவ்வொரு சொல்லும் உண்மையாகவே உங்களுக்குத் தோன்றியது என்பதை நம்புகிறேன். ஆயினும் நினைவு என்பது பெட்டியில் பூட்டி வைத்து எடுக்கும் பொருள் அன்று. எடுக்கும்போதெல்லாம் புதிதாகப் புனையப்படுவது. நடுவயதைக் கடந்தவர்களிடம் வாழ்க்கை நிகழ்ச்சிகளை நினைவுகூரச் சொன்னால், ஏறத்தாழ பத்து வயதுக்கும் முப்பது வயதுக்கும் இடைப்பட்ட ஆண்டுகளிலிருந்து மற்ற ஆண்டுகளைவிட மிக அதிகமான நினைவுகள் மேலெழுகின்றன என்பது பல ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் காணப்பட்ட ஒன்று. அத்துடன், ஒரு துன்பம் தந்த வலி, ஓர் இன்பம் தந்த மகிழ்ச்சியைவிடப் பொதுவாக விரைவில் மங்கிவிடுகிறது. 1997-இல் வெளியான ஓர் ஆய்வில், மூன்று வார மிதிவண்டிப் பயணம் சென்றவர்களிடம் பயணத்தின்போதும் கேட்டார்கள், முடிந்த பிறகும் கேட்டார்கள். மழையும் களைப்பும் எரிச்சலும் பயணத்தின்போது இருந்தவைதாம், ஆனால் திரும்பி வந்தபின் அந்தப் பயணம் அவர்களுக்கு நடந்ததைவிட இனியதாகத் தெரிந்தது. சில நாட்களிலேயே இப்படி நேர்கிறது என்றால், ஐம்பது ஆண்டுகள் எவ்வளவு துடைத்து மெருகேற்றியிருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

இந்த மெருகு எல்லோருக்கும் ஒரே அளவில் ஏறுவதில்லை என்பதை இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒரே வீட்டில், ஒரே கூடத்தில், அடுத்தடுத்துப் படுத்து உறங்கிய இருவருக்கு அந்த வீடு இரண்டு வீடுகளாக இருந்திருக்க முடியும். உங்கள் கடிதத்தில் வீட்டில் குழாய் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள்; தண்ணீரை யார் கொண்டுவந்தார்கள் என்று எழுதவில்லை. ஒன்பது பேருக்குக் குடிக்க, சமைக்க, துவைக்க, குளிக்கத் தேவையான தண்ணீர் நாள்தோறும் எங்கிருந்தோ யாரோ ஒருவரால் சுமந்து வரப்பட்டிருக்கிறது. இருபது லிட்டர் நீர் இருபது கிலோ எடை. அத்துடன் பாத்திரத்தின் எடையும் சேரும். அந்தச் சுமையைத் தூக்கியவர் உங்கள் அக்காதானா என்பதை நான் அறியேன். ஆனால் 2023-இல் உலக சுகாதார அமைப்பும் யுனிசெஃபும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கையின்படி, வீட்டு வளாகத்தில் தண்ணீர் இல்லாமல் இன்றும் வாழும் மக்கள் 180 கோடி. அத்தகைய பத்து வீடுகளில் ஏழில் தண்ணீர் கொண்டுவரும் பொறுப்பு பெண்களிடமும் சிறுமிகளிடமும்தான் இருக்கிறது. உங்களுக்குக் கடந்த காலமாகிவிட்ட ஒன்று அவர்களுக்கு இன்றைய காலை. உங்கள் வீட்டில் இது வேறு விதமாக இருந்திருந்தால் மகிழ்ச்சியே. இருந்தாலும் அக்காவிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இதைவிடக் கடினமான ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. தயங்கித் தயங்கித்தான் எழுதுகிறேன். விறகடுப்பின் புகை மணம் நினைவில் நிற்கிறது என்கிறீர்கள்; அதற்கு அடுத்த வரியிலேயே, அம்மா இருமி இருமியே சீக்கிரம் போய்விட்டார் என்கிறீர்கள். இரண்டு வரிகளுக்கும் நடுவே நீங்கள் நிற்கவே இல்லை. உங்கள் தாயாருக்கு என்ன நோய் இருந்தது என்பதை ஒரு கடிதத்தை வைத்துக்கொண்டு நான் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஆனால் வீட்டுக்குள் விறகும் கரியும் எரிவதால் உண்டாகும் புகை நுரையீரலையும் இதயத்தையும் மெல்ல மெல்லக் கெடுக்கிறது என்பதும், அதனால் 2020-இல் மட்டும் உலகில் ஏறத்தாழ 32 லட்சம் பேர் உரிய காலத்துக்கு முன் இறந்தார்கள் என்று உலக சுகாதார அமைப்பு மதிப்பிட்டிருக்கிறது என்பதும் அறியப்பட்டவை. விளையாடிவிட்டு வீடு திரும்பும் சிறுவனுக்கு அந்தப் புகை, வீட்டில் சமையல் ஆகிறது, அம்மா இருக்கிறார் என்ற சேதியாக இருந்தது. அடுப்பின் முன் குனிந்திருந்தவருக்கு அது வேறாக இருந்தது. அம்மா ஊதிய அடுப்பை அக்காவும் ஊதியிருக்கலாம். அந்தக் காலத்துக்குத் திரும்ப மாட்டேன் என்று அவர் சொன்னபோது உங்களையோ, அந்த வீட்டின் அன்பையோ அவர் மறுதலித்தார் என்று எனக்குத் தோன்றவில்லை.

பொதுவான சேதிகளை நீட்டி எழுத விரும்பவில்லை. ஒன்றை மட்டும் நினைவூட்டுகிறேன். 1950-ஆம் ஆண்டையொட்டி உலகில் பிறந்த குழந்தைகளில் ஐந்தில் ஒன்றுக்கும் மேல் ஐந்து வயதை எட்டவில்லை. இன்று அது நூற்றுக்கு நான்குக்கும் குறைவு. பெரியம்மை ஒழிந்துவிட்டதாக உலக சுகாதார அமைப்பு அறிவித்தது 1980-இல்தான், அதாவது உங்கள் இளமைக் காலம் வரை அது மனிதர்களைக் கொன்றுகொண்டிருந்தது. பழைய நாட்களை நினைத்து மகிழ்பவர்கள் அந்த நாட்களைத் தாண்டி வந்தவர்கள் மட்டுமே. தாண்ட முடியாதவர்களின் சாட்சியம் நம்மிடம் இல்லை.

இவ்வளவையும் சொன்ன பிறகு, "ஆகவே வசதிகளுக்கு நன்றி சொல்லிவிட்டுப் பேசாமல் இருங்கள்" என்று நான் முடித்தால், உங்கள் மகன் செய்த அதே தவற்றை நானும் செய்தவனாவேன். நீங்கள் எதையோ இழந்திருக்கிறீர்கள். அது கற்பனை அன்று. என் தொழிலில் பல ஆண்டுகளாக இத்தகைய ஏக்கத்தைக் கேட்டு வருகிறேன். இருட்டையோ, சுமையையோ, பற்றாக்குறையையோ விரும்பி ஏங்கியவர் எவரையும் நான் சந்தித்ததில்லை. பற்றாக்குறை காரணமாக ஒருவரை ஒருவர் விலக முடியாமல் இருந்த அந்த நெருக்கத்துக்குத்தான் எல்லோரும் ஏங்குகிறார்கள். ஒரே விளக்கு என்றால் வெளிச்சம் வேண்டுபவர்கள் அனைவரும் அதைச் சுற்றித்தான் உட்கார வேண்டும். ஒரே கூடம் என்றால் சண்டையிட்டவர்களும் பக்கத்தில்தான் படுக்க வேண்டும். படுத்தால் காலைக்குள் பேசியாக வேண்டும். அங்கே நெருக்கத்துக்காக எவரும் முயற்சி எடுக்கவில்லை, நேரம் ஒதுக்கவில்லை. இடமும் பொருளும் போதாமல் இருந்ததால் அது தானாகவே நேர்ந்தது.

வசதி வந்தபோது சுமையை இறக்கி வைத்தது. அதே கையோடு அந்தக் கட்டாயத்தையும் அவிழ்த்துவிட்டது. ஒவ்வோர் அறைக்கும் விளக்கு வந்தபின் ஒரே விளக்கைச் சுற்றி உட்காரக் காரணம் இல்லை. ஆளுக்கொரு திரை வந்தபின் எதைப் பார்ப்பது என்று வாதாடவும் காரணம் இல்லை. இது எந்த இயந்திரத்தின் குற்றமும் அன்று. முன்பு தானாக நேர்ந்தது இனி நாமாகச் செய்தால்தான் நேரும் என்பதை யாரும் நமக்கு அறிவிக்கவில்லை, அவ்வளவுதான். அதை அறியாத வீடுகளில் எல்லாம் இருந்தும் ஏதோ இல்லை என்ற உணர்வு மெல்லப் படிகிறது. உங்கள் வீட்டில் படிந்திருப்பதும் அதுதான் என்று நினைக்கிறேன். இது சிறிய குறையும் அன்று. 2010-இல் ஜூலியான் ஹோல்ட்-லன்ஸ்டாடும் அவருடைய குழுவினரும் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோரைக் குறித்த 148 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, வலுவான மனித உறவுகள் உடையவர்கள் ஆய்வுக் காலம் முடியும்வரை உயிரோடிருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ 50 விழுக்காடு அதிகமாக இருந்ததைக் கண்டார்கள். ஆகவே உங்கள் ஏக்கத்தை முதுமையின் புலம்பல் என்று தள்ளிவிட யாருக்கும் உரிமை இல்லை. உங்கள் மகனுக்கும் இல்லை.

வசதிகள் ஏன் நிம்மதி தரவில்லை என்பதற்கும் இதில் பாதி விடை இருக்கிறது. மீதிப் பாதி, மனம் எதற்கும் பழகிவிடும் என்பது. 1971-இல் பிரிக்மன், கேம்பெல் என்ற இரு உளவியலாளர்கள் எழுதிக்காட்டியதுபோல, புதிதாய் வந்த நன்மை எதுவாயினும் சில காலத்தில் அது சாதாரணமாகிவிடுகிறது. குழாயைத் திறக்கும்போதெல்லாம் நீங்கள் மகிழ்வதில்லை, நானும் மகிழ்வதில்லை. தண்ணீர் சுமந்த தோள்கள் மட்டும் அதை மறப்பதில்லை போலும்.

இனி, வீட்டை விற்கும் யோசனைக்கு வருகிறேன். வேண்டாம் என்பதே என் திடமான கருத்து. முதற்காரணம், நீங்கள் தேடுவது அந்த எளிய வீட்டில் இருக்காது. பழைய வீட்டில் ஒன்பது பேர் இருந்தார்கள். புதிய எளிய வீட்டில் நீங்களும், விருப்பமின்றி உடன் வந்த உங்கள் மனைவியும் இருப்பீர்கள். பற்றாக்குறையை மட்டும் திரும்பக் கொண்டுவந்தால் மனிதர்கள் திரும்ப வந்துவிடுவதில்லை. மாறாக, இப்போதிருக்கும் மகனும் தொலைவாகிவிடுவான். இரண்டாவது காரணம் இன்னும் முக்கியமானது. இயந்திரங்கள் இல்லாத வீட்டில் துவைப்பதும் சுமப்பதும் அடுப்பெரிப்பதும் யாருடைய வேலையாக இருக்கும் என்று நீங்கள் எழுதவில்லை. அந்த வேலைகளில் சரிபாதியை நீங்கள் செய்வதாகத் திட்டமிட்டிருக்கிறீர்கள் என்றால் என்னை மன்னியுங்கள். திட்டமிடவில்லை என்றால், உங்கள் அக்கா எந்த நாளுக்குத் திரும்ப மறுக்கிறாரோ அந்த நாளை உங்கள் மனைவியின் கையில் கொடுக்கப் போகிறீர்கள். அவர் மறுப்பதில் நியாயம் இருக்கிறது. இதையெல்லாம் மீறியும் ஆசை அடங்கவில்லை என்றால், மனைவி மனமொப்பிச் சம்மதித்தால் மட்டும், அப்படிப்பட்ட ஒரு வீட்டில் ஒரு மாதம் வாடகைக்கு இருந்து பாருங்கள். வீட்டு வேலைகளை அந்த ஒரு மாதமும் நீங்களே செய்யுங்கள். இருக்கும் வீட்டின் பத்திரத்தை அதுவரை தொடாதீர்கள்.

உடனே செய்யக்கூடியது ஒன்று உண்டு. இருட்டிய பிறகு ஒரு மணி நேரம், வீட்டில் ஒரே ஓர் அறையில் மட்டும் விளக்கு எரியட்டும் என்று மனைவியிடமும் மகனிடமும் கேட்டுப் பாருங்கள். நாள்தோறும் வேண்டாம், வாரத்துக்கு இரண்டு நாள் போதும். கட்டளையாகச் சொல்லாமல், "எனக்கு இது வேண்டியிருக்கிறது" என்று உங்கள் தேவையாகவே சொல்லுங்கள். அந்த நேரத்தில் கையால் செய்யும் ஏதேனும் ஒரு வேலையைப் பொதுவில் வைத்துக்கொள்ளுங்கள். துணி மடிப்பதாக இருந்தாலும் சரி, மறுநாள் சமையலுக்கு நறுக்குவதாக இருந்தாலும் சரி. கைகளுக்கு வேலை இருக்கும்போது பேச்சு இயல்பாக வரும். முகத்தை முகம் பார்த்து, "பேசுங்கள்" என்று உட்கார்ந்தால் பெரும்பாலும் எவருக்கும் பேச வராது. முதல் சில நாட்கள் சங்கடமாகத்தான் இருக்கும். அதைக் கண்டு விட்டுவிடாதீர்கள்.

மகனிடம் பேசும் முறையிலும் ஒரு மாற்றம் தேவைப்படும். "அந்தக் காலம் போல வருமா?" என்ற வாக்கியத்தைக் கேட்கும் இளைஞனின் காதில், "உன் காலம் மட்டமானது, அதில் வாழும் நீயும் மட்டம்" என்றே அது விழுகிறது. அவன் தன்னைக் காத்துக்கொள்ளத்தான் உங்களை மறிக்கிறான். ஒப்பிடுவதை விட்டுவிட்டுக் கதையாகச் சொல்லுங்கள். ஒரு குறிப்பிட்ட இரவு, அன்று யார் எங்கே படுத்திருந்தார்கள், யார் யாரைக் கிள்ளினார்கள், எதற்காகச் சிரிப்பை அடக்க முடியாமல் போயிற்று என்று சொன்னால் அவன் கேட்பான் என்றே நம்புகிறேன். கூடவே, அந்த வீட்டில் உங்களுக்குப் பிடிக்காதது எது, எதற்காக நீங்கள் அழுதீர்கள் என்பதையும் சொல்லுங்கள். ராபர்ட் பட்லர் என்ற மனநல மருத்துவர் 1963-இல் எழுதியதிலிருந்து, முதுமையில் வாழ்க்கையைத் திரும்பிப் பார்ப்பதை ஒரு பயனுள்ள வேலையாகவே எங்கள் துறை மதிக்கிறது. ஆனால் நல்லதை மட்டும் எடுத்துப் பார்ப்பதால் அந்தப் பயன் முழுமையாகக் கிட்டுவதில்லை. தீராத துயரங்களையும் எடுத்துப் பார்க்கும்போதுதான் மனம் இளகுகிறது. உங்கள் தாயாரின் இருமலை ஒரே வரியில் எழுதிக் கடந்துவிட்டீர்கள். அங்கேதான் நீங்கள் சற்று நேரம் நிற்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஓர் எச்சரிக்கை. இரண்டு வாரங்களுக்கு மேல் தொடர்ந்து உறக்கம் கெட்டிருந்தாலோ, உணவில் நாட்டம் குறைந்திருந்தாலோ, முன்பு பிடித்தது எதுவும் பிடிக்காமல் போயிருந்தாலோ, வாழ்ந்தது போதும் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தாலோ, அது ஏக்கத்தோடு நிற்கும் விஷயம் இல்லை. தாமதிக்காமல் நேரில் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். பணி ஓய்வுக்குப் பின்வரும் ஆண்டுகளில் மனச்சோர்வு இப்படிப் பழைய நினைவுகளின் போர்வையில் வருவதுண்டு. அது சிகிச்சையால் குணமாகக் கூடியது.

கடைசியாக உங்கள் அக்கா. அந்த ஒன்பது பேர் வீட்டை உள்ளிருந்து அறிந்தவர்களில் இன்று உங்களோடு பேசக் கூடியவர் அவர். நீங்கள் ஏங்கும் அந்த நெருக்கத்தின் ஒரு துண்டு இன்னும் உயிரோடு, தொலைபேசியின் மறுமுனையில் இருக்கிறது. அவரை மீண்டும் அழையுங்கள். முடியுமானால் நேரில் போங்கள். காலம் நல்லதா கெட்டதா என்ற பேச்சே வேண்டாம். "நாம் சின்னவர்களாக இருந்தபோது நீ காலையில் எத்தனை மணிக்கு எழுவாய், அக்கா? எழுந்ததும் என்ன செய்வாய்?" என்று மட்டும் கேளுங்கள். அவர் சொல்லத் தொடங்கியதும், நடுவில் "ஆனாலும்" என்ற சொல் உங்கள் வாயிலிருந்து வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் உறங்கிக்கொண்டிருந்த நேரத்தில் அந்த வீட்டில் நடந்தவற்றை அவர் ஒவ்வொன்றாகச் சொல்லி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருங்கள். அதன் பிறகு அவராகவே அந்தக் கூடத்தைப் பற்றியும், இரவுப் பேச்சுகளைப் பற்றியும் எதையாவது நினைவுகூரலாம், கூராமலும் போகலாம். இரண்டில் எது நேர்ந்தாலும் எனக்கு எழுதுங்கள்.